ஃபேக்டரில இருந்து கன்சல்டிங்குக்கு போறேன், தினசரி வேலை நிஜமா எப்படி இருக்கும்?

ஓசூர்வாசி:
வணக்கம் மக்களே. ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ப்ரொடக்ஷன் இன்ஜினியரா இருக்கேன், வேலை பாத்துக்கிட்டே எம்பிஏ முடிச்சாச்சு, இப்ப சென்னைல ஒரு மீடியம் சைஸ் கன்சல்டிங் கம்பெனில ஆபரேஷன்ஸ் டீமுக்கு ஆஃபர் வந்திருக்கு. கேஸ் இன்டர்வியூ, ஃப்ரேம்வொர்க் இதெல்லாம் யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு, அது வேணாம். திங்கக்கிழமை காலைல கிளையன்ட் கேட்டுக்குள்ள போன பிறகு என்ன பண்ணுவீங்க, நோட்ஸ் எப்படி எடுப்பீங்க, தூக்கம் உண்டா இல்லையா, இந்த மாதிரி விஷயம்தான் தெரியணும். அம்மா வேற "அடுத்தவன் கம்பெனிக்குப் போய் யோசனை சொல்றதுக்கா சம்பளம் தர்றாங்க"ன்னு கேக்கறாங்க, அவங்களுக்கு நான் சரியா பதில் சொல்லணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சேரன்_பெர்த்:
தம்பி வாழ்த்துக்கள். நான் இந்த வேலைல ரொம்ப காலம், பெரும்பாலும் திருப்பூர், கோவை, கரூர் பக்கம், அதனாலதான் இந்தப் பேரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி சென்ட்ரல்ல சேரன் ஏறினா விடியறதுக்குள்ள திருப்பூர்ல இறங்கிடலாம், ரூம்ல குளிச்சிட்டு ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப ஃபேக்டரி ஃப்ளோர்ல நிக்கலாம், அந்த நேரத்துல அங்க நிக்கறதுதான் என் முதல் பழக்கம். பத்தரை மணிக்கு கார்ல போய் இறங்கினா உங்களுக்காக பெருக்கி வச்ச ஃபேக்டரியைத்தான் பாப்பீங்க.

முதல் ரெண்டு நாள் லேப்டாப்பை திறக்காதீங்க. டிஸ்பேட்ச்ல ஆரம்பிச்சு பின்னாடியே நடங்க. பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், ஃபேப்ரிக் குடோன். எல்லாரும் குடோன்ல ஆரம்பிச்சு முன்னாடி வருவாங்க, அப்படி வந்தா அவங்க சொல்ற கதையோடவே நீங்களும் நடப்பீங்க. பின்னாடி இருந்து போனா ஒவ்வொரு இடத்துலயும் "இது ஏன் இன்னிக்கு போகல"ன்னு ஒரே கேள்வியோட போகலாம். எந்த மெஷினுக்கு முன்னாடி பண்டில் குவிஞ்சு கிடக்குதோ அங்கதான் கதை இருக்கு. ஒரு லைன்ல ஓவர்லாக்ங்கற தையல் மெஷின் மணிக்கு 60 பீஸ் அடிக்குது, அடுத்து இருக்கற ஃப்ளாட்லாக் மெஷின் 45தான் அடிக்குதுன்னு வைங்க, லைன் குடுக்கறது 45தான், ஓவர்லாக்காரர் எவ்வளவு வேகமா அடிச்சாலும் ஃப்ளாட்லாக் முன்னாடி மலையாத்தான் சேரும். இத கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேரும் வேணாம்.

அடுத்தது நம்பர். நீங்க கேட்டதும் ஒரு எக்ஸெல் வரும், அது பெரும்பாலும் பேங்குக்கோ பையருக்கோ தயார் பண்ணது. பொய்னு சொல்ல வரல, வேற ஒரு தேவைக்காக போட்டது. அதனால ஒரு நம்பரை நம்பறதுக்கு முன்னாடி அதுக்கு சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்துல இருந்து அதே விஷயத்தை எடுத்துப் பாக்கணும். கட்டிங்ல துணி எவ்வளவு வீணாகுதுன்னு தெரியணுமா? கட்டிங் மாஸ்டர் ரிப்போர்ட் ஒரு சதவீதம் சொல்லும். பனியன் வேஸ்ட் வாங்கற வியாபாரிக்கு மாசா மாசம் எத்தனை கிலோ போட்டாங்கன்னு காசு வாங்கின ரசீது இருக்கும், அது இன்னொண்ணு சொல்லும். காசு கைமாறின இடத்துல எடை துல்லியமா இருக்கும். அதே மாதிரி மெஷின் ஓடின நேரத்துக்கு ஈபி ரீடிங், ஆள் கணக்குக்கு சம்பள ரெஜிஸ்டர்ல இருக்கற ஷிப்ட் எண்ணிக்கை. இங்க ஒரே ஆளுக்கு ஒன்றரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட்னு போடுவாங்க, அத தலைக்கணக்கோட குழப்பிக்காதீங்க, குழப்பினா அதுல இருந்து போட்ட எல்லா கணக்கும் தப்பாயிடும்.

நோட்ஸ் பத்தி கேட்டீங்க. நோட்டுல நடுவுல கோடு போட்டு இடது பக்கம் அவங்க சொன்னது, அவங்க வார்த்தையிலயே. வலது பக்கம் நான் கண்ணால பார்த்தது. ரெண்டும் இடிக்கற இடத்துல ஒரு வட்டம். மறுநாள் காலைல முதல் வேலை அந்த வட்டத்தைப் போய் தீர்க்கறது. அன்னிக்கு ராத்திரியே எழுதிடணும், ஒரு நாள் தள்ளினா அவர் சொன்னதுக்குப் பதிலா நீங்க நினைச்சதுதான் பேப்பர்ல வரும்.

சித்திரை_மும்பை:
நான் வேற பக்கம், பேங்க், என்பிஎஃப்சி (பேங்க் இல்லாத நிதி கம்பெனி), இன்சூரன்ஸ் ஸ்ட்ராட்டஜி ப்ராஜெக்ட்ஸ். சேரன் அண்ணா சொன்னதுல கிட்டத்தட்ட எல்லாம் ஓகே, ஆனா ஸ்லைடை வெளியில எல்லாரும் மட்டமா பேசறது எனக்குப் பிடிக்கல. போர்டு மீட்டிங்ல நமக்கு 20 நிமிஷம்தான், அதுக்குள்ள நாலு கோடியா நாப்பது கோடியான்னு அவங்க முடிவெடுக்கணும். மெக்கின்சிங்கற பெரிய கன்சல்டிங் கம்பெனி 1963ல எடுத்த முதல் பெண் எம்பிஏ பார்பரா மின்டோ, அப்புறம் லண்டன்ல உக்காந்து கன்சல்டன்டுங்களுக்கு எழுதக் கத்துக்குடுத்தாங்க, பதிலை முதல்ல சொல்லு, காரணத்தை அதுக்குக் கீழ அடுக்கு, ஒரு காரணம் இன்னொண்ணு மேல ஏறக்கூடாது, எதுவும் விட்டும் போகக்கூடாது. இது ஏதோ ஸ்டைல்னு நினைக்காதீங்க, கேக்கறவங்க நேரத்துக்கு நாம தர்ற மரியாதை. நான் ஸ்லைடு பண்றதுக்கு முன்னாடி தலைப்பு வரிகளை மட்டும் ஒரு தாள்ல வரிசையா எழுதிப் படிப்பேன். அத மட்டும் படிச்சா கதை புரியணும். புரியலன்னா சார்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த ஸ்லைடு செட் தேறாது.

ட்ராவல் விஷயம். கேபின் பேக் மட்டும், செக்கின் கிடையாது. சார்ஜர், டாய்லெட்ரி எல்லாம் ரெண்டு செட், ஒண்ணு பையை விட்டு வெளியவே வராது. ராத்திரி சாப்பாடு ரூம் சர்வீஸ்ல பதினோரு மணிக்கு பிரியாணின்னு போனா ஒரு வருஷத்துல உடம்பு சொல்லிடும், தயிர்சாதம், இட்லி கிடைக்கற இடமா பாத்து வச்சுக்கோங்க. பொண்ணுங்க யாராவது இத படிச்சா ஒண்ணு சொல்றேன், ப்ளான்ட் விசிட்டுக்கு முன்னாடியே ஃப்ளோர் பக்கத்துல லேடீஸ் டாய்லெட் இருக்கான்னு ஃபோன்ல கேட்டுடுங்க, கேக்க கூச்சமே பட வேணாம், நிறைய பழைய ப்ளான்ட்ல ஆஃபீஸ் பிளாக்ல மட்டும்தான் இருக்கும், அது தெரியாம நாள் பூரா தண்ணி குடிக்காம சுத்தறவங்கள நிறைய பாத்திருக்கேன்.

பின்னல்நகரம்:
நானு கிளையன்ட் பக்கமுங்க. திருப்பூர்ல நிட்டிங், தையல் யூனிட் ரெண்டும் நடத்திட்டு இருக்கறேன். பெரிய பேரு இருக்கற ஒரு கம்பெனிய கொஞ்சம் வருசத்துக்கு முந்தி கூட்டியாந்தோமுங்க, பேரு வேண்டாம். நாலு பசங்க வந்தாங்க, நல்ல படிச்ச பசங்கதான், மரியாதையான பசங்க. கான்பரன்ஸ் ரூம்ல உக்காந்து டேட்டா டேட்டான்னு கேட்டாங்க, எங்க அக்கவுன்ட்ஸ் புள்ளைங்க ரெண்டு பேருக்கு அதே வேலையா போச்சு, அவங்க வேலை தேங்கிருச்சு. கடைசில தடியா ஒரு புக்கு குடுத்தாங்க. அதுல இருந்தது முக்காவாசி எங்க லைன் சூப்பர்வைசரு எங்கிட்ட ஏற்கனவே சொன்னதுங்க. நானு அவருகிட்ட காது குடுக்கல, இங்கிலீஷ்ல வந்தப்புறம் காது குடுத்தேன், அது வேற விசயம். ஆனா அந்த புக்குல அவரு பேரு ஒரு எடத்துலயும் இல்லைங்க. மனுசன் மனசு விட்டுப்போயி அடுத்த தீவாளி போனஸ் வாங்குனதும் வேற கம்பெனிக்கு போயிட்டாரு. புக்கு இருக்குது, அத செய்யறதுக்கு ஆளு இல்ல.

புதுசா வர்ற தம்பிக்கு ஒரே ஒரு விசயம் சொல்றேனுங்க, ஐடியா யாரு குடுத்தாங்களோ அவங்க பேரை போடோணும். அதுக்கு உங்களுக்கு காசு செலவு இல்ல.

சேரன்_பெர்த்:
@பின்னல்நகரம் அய்யா நீங்க சொன்னத எங்க எல்லா டீமுக்கும் படிச்சுக் காட்டணும். எங்க டீம்ல இதுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. கடைசி ப்ரெசென்டேஷன்ல பாதிக்கு மேல கிளையன்ட் ஆளுங்கதான் பேசணும். சூப்பர்வைசர் தன் லைன் பத்தி தமிழ்லயே பேசுவார், முதலாளி நேரா அவர்கிட்டயே கேள்வி கேப்பார். எங்க ஆளு பக்கத்துல நிப்பாரு அவ்வளவுதான். அன்னிக்கு அந்த சூப்பர்வைசர் எழுந்து பேசிட்டார்னா நாங்க கிளம்பின பிறகும் அந்த வேலை ஓடும். பேசலன்னா நாங்க ட்ரெயின் ஏறின அன்னிக்கே பழையபடி ஆயிடும். டேட்டா கேக்கற விஷயமும் அப்படித்தான், அக்கவுன்ட்ஸ்ல "புதுசா எதுவும் போட்டுத் தராதீங்க, இருக்கற ரெஜிஸ்டரை காட்டுங்க, நானே எடுத்துக்கறேன்"னு சொல்லிப் பாருங்க, அவங்க உங்கள பாக்கற பார்வையே மாறும்.

ஓசூர்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரு சந்தேகம். எனக்கு 27 வயசு. ஃப்ளோர்ல இருக்கறவங்களுக்கு என் அப்பா வயசு. நானே இத்தனை நாள் ஃப்ளோர்ல இருந்தவன்தான், ஆனா அங்க நான் அவங்க ஆளு. இப்ப வெளியாளா போய் கேள்வி கேட்டா எப்படி எடுத்துப்பாங்க?

பிரஸ்ஷாப்_மணி:
நான் கன்சல்டன்ட் கிடையாது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரஸ் ஷாப் இன்சார்ஜ், கன்சல்டன்ட் வந்து போனத நிறைய பாத்தவன். தம்பி, முதல்ல "அண்ணே"ன்னு கூப்பிடு, பேரைச் சொல்லாத, சார்னும் சொல்லாத, சார்னா அவர் உன்னை ஆஃபீஸ் ஆளா ஒதுக்கிடுவார். அப்புறம் "ஏன் லேட்டாச்சு"ன்னு கேக்காத, அத கேட்டா அவருக்கு விசாரணை மாதிரி. "நேத்து உங்க வேலையை எது நிறுத்துச்சுண்ணே"ன்னு கேளு. கொட்டிடுவாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன், ஒருத்தர் வந்தார், 200 டன் பிரஸ்ல டை (தகட்டுக்கு வடிவம் குடுக்கற அச்சு) மாத்தறத பாக்கணும்னார். ஸ்டாப்வாட்ச் எடுக்கல. ஒரு ஓரமா நின்னு, மெஷின் நிக்கற நேரம் பூரா எங்க ஆளுங்க கை எங்க இருக்கு, கால் எங்க போகுதுன்னு மட்டும் எழுதினார். கடைசி பீஸ் வந்துடுச்சு, மெஷின் நின்னுச்சு. ஆபரேட்டர் ஸ்பேனர் எடுக்க டூல் வைக்கற ரூமுக்கு போறார். கிரேன் ஷெட்டோட அடுத்த பகுதில தகட்டுச் சுருள் இறக்கிட்டு இருக்கு, அதுக்கு வெயிட்டிங். கிரேன் வந்துச்சு, புது டையை ரேக்ல இருந்து எடுத்தா அடியில துரு, துடைக்கறாங்க. கிளாம்ப் போல்ட் நீளம் பத்தல, அந்த டைக்கு வேற நீளம், தேடறாங்க. மாட்டியாச்சு, ஷட் ஹைட் (பிரஸ் மூடும்போது இருக்கற உயரம்) செட் பண்ணியாச்சு, முதல் பீஸ் அடிச்சாச்சு, அப்ரூவல் பண்ண வேண்டிய குவாலிட்டி ஆள் டீக்கு போயிட்டார். மெஷின் நின்ன நேரத்துல நிஜமா மெஷின்ல கை வச்சு வேலை நடந்தது கொஞ்ச நேரம்தான், மீதி எல்லாம் தேடலும் காத்திருப்பும். அவர் எழுதினத எங்க ஆபரேட்டர்கிட்டயே காட்டி "இதுல மெஷின் ஓடும்போதே முடிச்சு வைக்கக்கூடியது எதெல்லாம்ணே"ன்னு கேட்டார். ஆபரேட்டர் அவரே டிக் அடிச்சுக் குடுத்தார்.

இத ஷிகியோ ஷிங்கோன்னு ஜப்பான்காரர் எப்பவோ பிரிச்சு வச்சுட்டார், மெஷின் நின்னாத்தான் செய்ய முடியும்ங்கற வேலை தனி, ஓடும்போதே செய்யலாம்ங்கற வேலை தனி. டொயோட்டால ஒரு 1000 டன் பிரஸ்ல 4 மணி நேரம் ஆன டை சேஞ்சை 1969ல முதல்ல ஒன்றரை மணி நேரத்துக்கும் அப்புறம் 3 நிமிஷத்துக்கும் கொண்டு வந்தத அவரே எழுதியிருக்கார். எங்களுக்கு 3 நிமிஷம் எல்லாம் வரல, ஆனா பாதிக்குக் கீழ வந்துச்சு. போல்ட் எல்லாம் ஒரே நீளமாக்கினதும் ஒரு டிராலி செஞ்சு வச்சதும்தான் பெரிய செலவு.

இன்னொண்ணு, ஓஇஇ (மெஷின் எவ்வளவு உருப்படியா ஓடுதுங்கற சதவீதம்) பாக்கறப்ப ஜாக்கிரதை. அவெய்லபிலிட்டி (ஓடின நேரம்) 90, பர்ஃபார்மன்ஸ் (வேகம்) 95, குவாலிட்டி (நல்ல பீஸ்) 99ன்னு வச்சாலும் பெருக்கினா 84.6தான். உலகத் தரம்னு எல்லாரும் சொல்ற 85யே இவ்வளவு கஷ்டம். அதனால ஒரு ப்ளான்ட்ல 92ன்னு போர்டுல எழுதியிருந்தா அவங்க டை சேஞ்ச் நேரத்தை எந்த கணக்குல வச்சிருக்காங்கன்னு கேளு. முன்னாடியே திட்டம் போட்ட நிறுத்தம்னு தள்ளி வச்சிருப்பாங்க.

செங்கொடி_ராஜா:
நான் சங்கத்துல இருக்கறவன். எல்லாரும் அழகா பேசறீங்க, ஆனா தொழிலாளி பக்கம் ஒருத்தரும் பேசல. கன்சல்டன்ட் கேட்டுக்குள்ள வந்தாலே எங்களுக்குத் தோணறது ஒண்ணுதான், எத்தனை பேரைத் தூக்கப் போறாங்க. இந்த பயம் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1911ல அமெரிக்காவுல வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலைல ஃப்ரெடெரிக் டெய்லர்ங்கறவரோட முறைன்னு ஸ்டாப்வாட்ச் வச்சு நேரம் எடுக்க ஆரம்பிச்சதும் வார்ப்பட தொழிலாளிங்க வேலையை நிறுத்திட்டு வெளிய வந்தாங்க. அது அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ்ல விசாரணை வரைக்கும் போச்சு, அப்புறம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள்ல அந்த மாதிரி நேரம் எடுக்கறதுக்கு பணம் ஒதுக்கக் கூடாதுன்னே சட்டத்துல போட்டாங்க. நேரம் மிச்சம் ஆனா அந்த மிச்சம் யாருக்குப் போகுது? மணிக்கு 45 பீஸ் 55 ஆச்சுன்னா பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கு தர்ற கூலியை, குறைக்கறாங்களா இல்லையா? இத நீங்க ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?

சேரன்_பெர்த்:
ராஜா, நியாயமான கேள்வி, சுத்தி வளைக்காம சொல்றேன். ஆளைக் குறைக்கறதுக்குன்னே கூப்பிடற ப்ராஜெக்ட் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். நான் வேலையை எடுத்துக்கறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட நேரா கேப்பேன், மிச்சமாகற ஆளை என்ன பண்ணப் போறீங்க, ரேட்டை தொடப் போறீங்களா. ஆர்டர் நிறைய இருக்கு ஆள் கிடைக்கலன்னு கூப்பிடறவங்கதான் எங்க பக்கம் அதிகம், அங்க அவங்களை அடுத்த லைனுக்கு எடுத்துக்கறேன்னு சொல்வாங்க, அத எழுத்துல வாங்கிட்டு ஃப்ளோர்ல முதல் நாளே சொல்ல வைப்பேன், நான் சொல்ல மாட்டேன், முதலாளி வாயாலயே சொல்லணும். ரேட்டை குறைக்கறேன்னா அது ரெண்டு மாசத்துல அவருக்கே திரும்பி அடிக்கும், நல்ல டெய்லர் எதிர்த்த கம்பெனிக்கு நடந்து போயிடுவார், அந்த ஊர்ல அது பத்து நிமிஷ வேலை. பதில் சொல்ல மறுத்த இடத்துல நான் வேலை எடுக்கல. தெரியாத ஒண்ணை ஃப்ளோர்ல யாருக்கும் "ஒண்ணும் ஆகாதுண்ணே"ன்னு சத்தியம் பண்ணிடாதீங்க தம்பி, அது உங்க கைல இல்லாத விஷயம்.

பின்னல்நகரம்:
ராஜா சொன்னது செரிதானுங்க. எங்க யூனிட்ல ரேட்ட தொடல. டெய்லருக்கு உதவியா கைமடிக்கற புள்ளைங்கள ரெண்டு பேர தையலுக்கு பழக்கி உட்டோம், இப்ப அவங்களே மெசின்ல உக்காந்திருக்கறாங்க.

தனிக்கடை:
கொஞ்சம் காசு விஷயம் பேசறேன், கம்பெனிய விட்டு தனியா பண்ற ஐடியா பின்னாடி வரும், எல்லாருக்கும் வரும். நான் தனியா பண்றேன், சின்ன யூனிட்டுங்கதான் கிளையன்ட்.

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் (சின்ன தொழிலுக்கான மத்திய அரசு பதிவு) முதல் நாளே எடுத்துடுங்க, இலவசம். சிறு, நடுத்தர தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இடி சட்டப்படி மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பில் செட்டில் பண்ணணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி, நாம சர்வீஸ் குடுக்கறவங்களா இருந்தாலும் அதுல வருவோம். வட்டி யாரும் கேட்டு வாங்கறது இல்ல, ஆனா இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரும் "45 நாள்"னு ஒரு வரியும் இருந்தா அக்கவுன்ட்ஸ்ல அந்த பில் மேல வரும், ஏன்னா வருஷக் கடைசில அவங்க ஆடிட்டர் அத கேப்பார், நேரத்துக்கு குடுக்கலன்னா அந்த வருஷச் செலவா கழிக்க முடியாது. ஃபீஸை மூணா பிரிங்க, ஆரம்பத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கடைசி ஒண்ணு, கடைசிய சின்னதா வைங்க. ஜிஎஸ்டி 18 சதவீதம், அத ஃபீஸ்ல இருந்து தனியா சொல்லுங்க, "எல்லாம் சேர்த்து"ன்னு வாயால பேசிட்டா நம்ம கையில இருந்து போகும். பில் தர்றப்பவே வருமான வரிக்காக டிடிஎஸ் பிடிப்பாங்க, அத எதிர்பார்த்து வீட்டுக் கணக்கை போடுங்க. வரவுல பாதியை லாபமா காட்டற வருமான வரி வழி (1961 சட்டத்துல 44ஏடிஏ பிரிவு) எல்லாருக்கும் கிடைக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்வாங்க, அந்த பட்டியல்ல டெக்னிக்கல் கன்சல்டன்சின்னு இருக்கு, மேனேஜ்மென்ட் கன்சல்டன்சின்னு தனியா இல்ல, அதனால ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசாம அதுல கை வைக்காதீங்க.

சின்ன யூனிட்டுங்க "கன்சல்டன்ட் ஃபீஸ் கட்டுப்படியாகாது"ன்னு சொன்னா மத்திய அரசோட எம்எஸ்எம்இ லீன் ஸ்கீம் (ஃபேக்டரில வீணாகறத குறைக்கற திட்டம்) இருக்குன்னு சொல்லுங்க, 2023 மார்ச்ல புதுசாக்கினாங்க, கன்சல்டன்ட் செலவுல 90 சதவீதம் வரைக்கும் அரசாங்கம் ஏத்துக்கும். நேஷனல் ப்ரொடக்டிவிட்டி கவுன்சிலும் குவாலிட்டி கவுன்சில் ஆஃப் இந்தியாவும்தான் அத நடத்தறாங்க. நிறைய ஓனருங்களுக்கு இது இருக்கறதே தெரியல, அதான் வருத்தம்.

சித்திரை_மும்பை:
தூக்கம் பத்தி யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். லேட் நைட் உண்டு, டெட்லைன் வாரம்னா உண்டு. ஆனா பாதி லேட் நைட் திட்டம் இல்லாததால வர்றது. ஹார்வர்டு ப்ரொஃபசர் லெஸ்லி பெர்லோ பாஸ்டன்ல பிசிஜிங்கற கன்சல்டிங் கம்பெனியோட டீம்களை வச்சு ஒரு பரிசோதனை பண்ணாங்க, 2009ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூல வந்துச்சு. டீம்ல ஒவ்வொருத்தருக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம் முழுசா லீவு, முன்னாடியே குறிச்சது, அன்னிக்கு மெயில் கூட பாக்கக் கூடாது. வேலை கெடும்னு பயந்தாங்க, கெடல. ஏன்னா யாரு எப்ப இல்லன்னு தெரிஞ்சதும் டீம் பேச ஆரம்பிச்சுடுச்சு, எது முக்கியம் எது சும்மான்னு. நீங்க சேர்ந்த முதல் வாரமே மேனேஜர்கிட்ட உங்க ஒரு நாளைக் கேட்டு வாங்கிடுங்க, ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா புகாரா தெரியும். என்னோடது புதன், வீட்டுல என் பொண்ணோட சாப்பாடு.

அப்புறம் வாயை காப்பாத்துங்க. ஏர்போர்ட்ல, ட்ரெயின்ல கிளையன்ட் பேரு ஃபோன்ல சொல்லாதீங்க, சேரன்ல எதிர் பெர்த்துல யாரு படுத்திருக்காங்கன்னு தெரியாது, அந்த ரூட்ல பாதி பேரு பனியன் தொழில்தான். லேப்டாப்புக்கு ப்ரைவசி ஸ்க்ரீன் போடுங்க. கிளையன்ட் டேட்டாவை ஃப்ரீயா கிடைக்கற ஏஐ டூல்ல போட்டு சம்மரி எடுக்கவே எடுக்காதீங்க, கம்பெனி தர்ற டூல் மட்டும். மெக்கின்சிக்கு 1994ல இருந்து 2003 வரைக்கும் தலைவரா இருந்த ரஜத் குப்தா, அப்புறம் கோல்ட்மேன் சாக்ஸ் பேங்க் போர்டுல கேட்டத வெளிய சொன்னதுக்காக 2012ல நியூயார்க்ல தண்டனை வாங்கினார். அவ்வளவு உயரத்துல இருந்தவரோட பேரையே கெடுத்தது ஃபோன்ல சொன்ன தகவல்தான்.

ஓசூர்வாசி:
இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல, எல்லாத்தையும் காப்பி பண்ணி வச்சுக்கிட்டேன். பின்னல்நகரம் அய்யா சொன்ன சூப்பர்வைசர் கதைய அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்ப அந்த மனுசன் சொன்னத முதலாளி காதுல விழ வைக்கறதுதான் உன் வேலையா, அதுக்கு சம்பளம் தரலாம்"னு சொல்லிட்டாங்க. ஆஃபர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட எது எது கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

சேரன்_பெர்த்:
அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. ஹெச்ஆர்கிட்ட இதெல்லாம் கேளுங்க. வாரத்துல எத்தனை நாள் கிளையன்ட் இடம், வெள்ளிக்கிழமை ஆஃபீஸா. ட்ராவல் செலவு கம்பெனி கார்டா இல்ல நம்ம காசு போட்டு க்ளெய்மா, க்ளெய்ம்னா எத்தனை நாள்ல வரும், இது ரொம்ப முக்கியம், சின்ன கம்பெனில மாசக்கணக்குல மாட்டிக்கும். ப்ராஜெக்ட் இல்லாத நாள்ல சம்பளம் குறையுமா. வேரியபிள் பே எந்த கணக்குல. வேலையை விட்டா கிளையன்ட்கிட்ட சேரக்கூடாதுன்னு எத்தனை மாச நிபந்தனை இருக்கு. அப்புறம் உங்க முதல் மேனேஜர் யாருன்னு கேட்டு அவரோட அரை மணி நேரம் ஃபோன்ல பேசாம கையெழுத்து போடாதீங்க.

பிரஸ்ஷாப்_மணி:
சேஃப்டி ஷூ சொந்தமா ஒண்ணு வாங்கிடு தம்பி, விசிட்டருக்கு குடுக்கற ஷூ ஒருத்தர் காலுக்கும் சேராது.